கொழும்பு மழையிலும் நிற்கிற சைக்கிள்: பிரேக்கின் பிடிப்பைக் கூட்ட முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மாதத்துப் பின்னேர மழை. வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பஸ், தரிப்பிடம் வருவதற்கு முன்பே யாரோ கை காட்டியதைக் கண்டு சட்டென்று ஓரங்கட்டியது. இரண்டு பிரேக்கையும் ஹேண்டிலில் முட்டும்வரை இழுத்தேன். சைக்கிள் நின்றது. ஆனால் பிரேக்கால் இல்லை, இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். பஸ்ஸின் பம்பருக்கும் என் முன் டயருக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நான்கு நாளுக்கு முன்புதான் ஒரு கடையில் சேர்விஸ் செய்திருந்தேன். சைக்கிள் பளபளவென்று வந்தது. பளபளப்பின் ரகசியம் பிறகுதான் தெரிந்தது. செயினுக்கு அடித்த எண்ணெயை ரிம்மிலும், அதாவது பிரேக்கின் ரப்பர் கட்டை பிடிக்கும் சக்கர வளையத்திலும், ஒரு சுற்று அடித்துத் துணியால் மினுக்கிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த, சைக்கிள் திருத்தும் ஒரு பாஸிடம் உருட்டிக்கொண்டு போனேன். "அண்ணை, நல்ல பிரேக் கட்டையா ரெண்டு சோடி போட்டுத் தாங்கோ" என்றேன். அவர் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்மை நகத்தால் தட்டிப் பார்த்தார். "தம்பி, கட்டையை விடுங்க. இது இரும்பு ரிம். எண்ணெய் வேற பூசியிருக்கு. இதுக்குத் தங்கத்தில கட்டை போட்டாலும் நிக்காது."

அன்றிலிருந்துதான் பிரேக்கை ஒற்றைச் சாமானாகப் பார்ப்பதை விட்டேன். விரலில் தொடங்கி லீவர், கேபிள், பிரேக் கை, கட்டை, ரிம், டயர் என்று ரோட்டில் முடிகிற ஒரு பாதை அது. ஓட்டைக் குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல விரலின் பலம் வழியில் எங்கெங்கோ ஒழுகிப் போகும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் புதுக் கட்டை வாங்குவது காசைக் கடலில் போடுகிற வேலை. கீழே சொல்லும் வேலைகளைக் காசு செலவாகாதவற்றிலிருந்து தொடங்கி வரிசையாகச் செய்யுங்கள். பலருக்குப் பாதி வழியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு வெண்கட்டிக் கோடு

பிரேக் நன்றாகிவிட்டது என்பதைக் கையால் உணர்ந்து சொல்ல முடியாது. கை பொய் சொல்லும். ஏன் என்று லீவர் பகுதியில் சொல்கிறேன். அளந்துதான் பார்க்க வேண்டும்.

வாகனம் வராத ஒரு ஒழுங்கையில் வெண்கட்டியால் குறுக்கே கோடு போடுங்கள். ஒரே வேகத்தில் வந்து, முன் டயர் கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். நின்ற இடம்வரை சாதாரணமாக நடந்து காலடிகளை எண்ணுங்கள். மூன்று தரம் செய்து நடுவிலுள்ள கணக்கை எழுதி வையுங்கள். போனில் வேகம் காட்டும் செயலி இருந்தால் மணிக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு முதல் நாள் காய்ந்த ரோட்டில் எட்டுக் காலடி வந்தது. பிறகு ஒரு வாளித் தண்ணீரை ரிம்களில் ஊற்றிவிட்டு எண்ணினேன். பதினேழு.

முன் பிரேக், பின் பிரேக் என்று தனித்தனியாகவும் ஒரு தரம் பாருங்கள். பலர் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுவார்கள், குப்புற விழுத்திவிடும் என்று. ஆனால் பிரேக் பிடித்ததும் நம் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் டயர் இலேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே வழுக்கத் தொடங்குகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்கினுடையது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த ரோட்டில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்பதற்கு ஏறக்குறைய 10 மீற்றர் போகும். முன் பிரேக்கையும் வடிவாகப் பிடித்தால் அதில் பாதி போதும். அதோடு, ஆபத்தைக் கண்டு விரல் அசைவதற்கு ஒரு நொடி எடுத்தால் அந்த நொடியிலேயே 7 மீற்றர் ஓடியிருப்பீர்கள். ஆகவே நேரமும் காசும் குறைவென்றால் முன் பிரேக்கைத்தான் முதலில் திருத்துங்கள்.

சைக்கிளில் இருப்பது எந்தப் பிரேக்

கொழும்பில் ஓடும் சைக்கிள்களில் நான்கு வகையைத்தான் அதிகம் காணலாம். பழைய பெரிய சைக்கிளில் இருக்கும் கம்பி பிரேக் ஒன்று. இதில் கேபிளே இல்லை, கம்பிகள் இழுத்து, கட்டை ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கிப் போய்ப் பிடிக்கும். இரண்டாவது கலிப்பர். ஒரே ஆணியில் தொங்கும் இரண்டு கைகள் டயரைச் சுற்றி இடுக்கிபோல மூடும். மூன்றாவது வீ பிரேக். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கத்திலும் நிமிர்ந்து நிற்கும் நீளமான கைகள், மேலே குறுக்காக ஓடும் கேபிள். 1996இல் ஷிமானோ சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பல வருடம் மலை சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. நான்காவது டிஸ்க். இது ரிம்மைத் தொடாது, சக்கரத்தின் நடுவிலுள்ள உலோகத் தட்டை இரண்டு பேட்கள் இரு பக்கமும் பிடிக்கும். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியபோது வாங்கியவற்றில் டிஸ்க் நிறைய. அதே காலத்தில் வீட்டின் பின்புறத்திலிருந்து தூசு தட்டி எடுத்த பழைய லுமாலா சைக்கிள்களும் நிறைய. அவற்றுக்குத்தான் இந்தக் கட்டுரை அதிகம் உதவும்.

முதல் வேலை: ரிம்மைக் கழுவுவது

வாளியில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் எடுத்து, ரிம்மின் இரண்டு பக்கத்தையும் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். காய்ந்ததும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராதவரை விடாதீர்கள்.

மண்ணெண்ணெய் வேண்டாம். அழுக்கைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். பாமசியில் வாங்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், போத்தலைப் படித்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிட்டைசரும் சரிவராது. கை காயாமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். அதைப் பூசினால் நான் பட்ட பாடுதான்.

அலுமினியம் ரிம்மானால் கழுவிய கையோடு அதன் தேய்மானத்தையும் பாருங்கள். கட்டை படும் இடத்தில் ஒரு கோடோ குழியோ வெட்டியிருப்பார்கள். அது மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. கோடு இல்லாத ரிம்மில் ஒரு நேரான அடிமட்டத்தின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிவாக வெளிச்சம் தெரிந்தால் அதை நம்பி ஓடாதீர்கள். மெலிந்த ரிம் காற்று அழுத்தத்திலேயே பிளந்துவிடக்கூடும்.

கட்டையைக் கழற்றி முகத்தைப் பார்ப்பது

கழற்றிய கட்டையை வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்புக் கண்ணாடிபோல மினுங்கினால் மேற்தோல் கருகி இறுகிவிட்டது. சொரசொரப்பான சாண்ட் பேப்பரை ஒரு மட்டமான பலகையில் வைத்து, அதன்மேல் கட்டையைத் தேயுங்கள். கையில் வைத்துத் தேய்த்தால் முகம் வளைந்துபோகும். மினுக்கம் போய் மங்கிய கறுப்பு வந்ததும் நிறுத்தலாம். கட்டைக்குள் வெள்ளியாக மினுங்கும் சிறு துகள்கள் இருந்தால் அவை ரிம்மிலிருந்து பிய்ந்த அலுமினியம். ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுங்கள். விட்டுவிட்டால் அந்தத் துகளே மேலும் ரிம்மைச் சுரண்டும், பிரேக் பிடிக்கும்போது கேட்கும் கரகரச் சத்தமும் பெரும்பாலும் அதனால்தான்.

கட்டையிலுள்ள வெட்டுகள் தேய்ந்து மறைந்திருந்தால், அல்லது நகத்தால் அழுத்தினால் ரப்பர் பள்ளமே விழாமல் மரம்போல இருந்தால், மாற்ற வேண்டியதுதான். ரப்பர் பழசானால் தேயாமலேயே இறுகிவிடும். புதுசு என்று கடையில் தொங்குவதும் சில சமயம் பல வருடம் வெயில் குடித்ததாக இருக்கும். நக அழுத்தத்தை வாங்கும் முன்பே செய்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

எந்தக் கட்டை நல்லது? மலிவான கடும் கறுப்பு ரப்பரைவிட, மழைக்கென்று செய்த மென்மையான கலவை எவ்வளவோ மேல். கூல் ஸ்டாப் செய்யும் செம்மஞ்சள் நிறக் கட்டை மழைப் பிடிப்புக்குப் பெயர் போனது, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லிவிடலாம். அலுமினியம் ரிம்மில் அது நன்றாக வேலை செய்யும். இரும்பு ரிம்முக்கு முற்காலத்தில் முகத்தில் தோல் ஒட்டிய கட்டைகள் வந்தன. ஈர இரும்பில் ரப்பரைவிடத் தோல் பிடிக்கும். இப்போது அவை கண்ணில் படுவது அரிது.

கட்டையைத் திரும்பப் பூட்டுவது

பிரேக் வேலையில் பாதி இதுதான். அவசரப்படாதீர்கள்.

கட்டையின் உலோகக் கூடு ஒரு பக்கம் திறந்திருந்தால், மூடிய பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். பிரேக் இருக்கும் இடத்தில் ரிம் முன்பக்கமாகத்தான் ஓடுகிறது. கட்டையை அது தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். திறந்த பக்கத்தை முன்னால் வைத்துப் பூட்டினால், நீங்கள் பலமாகப் பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நாளில் ரப்பர் மட்டும் கூட்டிலிருந்து வழுக்கி வெளியே பறந்துவிடும். இது கம்பி பிரேக்குக்கும் பொருந்தும். மாறிப் பூட்டியதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

உயரம் அடுத்தது. கட்டையின் முழு முகமும் ரிம்மின் பக்கவாட்டில் படிய வேண்டும். மேலே ஏறினால் டயரை அறுக்கும். கீழே இறங்கினால் பாதி முகம் காற்றைத்தான் பிடிக்கும். நாளடைவில் அடியில் ஒரு உதடுபோல ரப்பர் வளர்ந்து ரிம்முக்குக் கீழே கொளுவிக்கொள்ளும்.

பிறகு கோணம். கட்டையின் முன் முனை ஒரு மயிரிழை முந்தித் தொட வேண்டும், பின் முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் விலகி இருக்க வேண்டும். பழைய கலியாணக் கார்ட்டில் ஒரு துண்டு வெட்டி மடித்து, கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் சொருகுங்கள். ஒரு கையால் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கட்டையின் ஆணியை இறுக்குங்கள். கையை விட்டதும் கார்ட் துண்டு கீழே விழும், கோணம் மட்டும் நிற்கும். ஆணியை இறுக்கும்போது கட்டையும் சேர்ந்து சுழலப் பார்க்கும். விரலால் அமத்திக்கொள்ளுங்கள். வீ பிரேக் கட்டையில் குவிந்த வொஷரும் குழிந்த வொஷரும் சோடி சோடியாக வரும். கழற்றிய வரிசை மாறாமல் நிலத்தில் ஒரு பேப்பரில் அடுக்கி, கழற்ற முன்பே போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மெல்லிய தகட்டில் செய்த பழைய கலிப்பரில் கோணம் மாற்ற வழியே இருக்காது. அதற்குச் சிலர் கைகளையே குறட்டால் முறுக்குவார்கள். இரும்புக் கையானால் மெதுவாகச் செய்யலாம், அலுமினியம் கையை முறுக்கினால் வெடிக்கும்.

கடைசியாக இடைவெளி. இரு பக்கமும் ரிம்மிலிருந்து ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் விலகி நின்றால், வீ பிரேக்கில் கையின் அடியிலுள்ள சிறு ஸ்க்ரூவைத் திருப்பி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சமன் செய்யலாம். உள்ளே திருப்பினால் அந்தப் பக்கக் கட்டை விலகும். சக்கரமே நெளிந்திருந்தால் இதெல்லாம் வீண். முதலில் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளைச் சரிபார்த்து அதை நேராக்க வேண்டும்.

கேபிள்: கண்ணுக்குத் தெரியாத திருடன்

மரைன் டிரைவ் வழியாகத் தினமும் ஓடுபவர்களுக்கு இந்தப் பகுதி. ரயில் பாதைக்கு அப்பால் கடல். அலை அடிக்கும் நாளில் முகத்தில் படும் அந்த உப்பு ஈரம் கேபிளின் வெளியுறையான அவுட்டரின் வாய்களுக்குள்ளும் போகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே துரு.

சோதிப்பது சுலபம். பிரேக் கையிலுள்ள நட்டைத் தளர்த்திக் கேபிளை விடுவியுங்கள். லீவர் பக்கத்திலிருந்து உட்கம்பியை விரலால் முன்னும் பின்னும் இழுங்கள். பட்டு நூல்போல ஓடினால் கை வையாதீர்கள். கரகரவென்றால், விரல் கொடுக்கும் பலத்தில் கணிசமான பங்கு அங்கேயே போகிறது.

அவுட்டரையும் உட்கம்பியையும் சேர்த்தே மாற்றுங்கள். கட்டைக்கு அடுத்தபடி மிகக் குறைந்த காசில் மிகப் பெரிய மாற்றம் தருவது இதுதான். வாங்கும்போது இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் போட்ட அவுட்டராக இருக்க வேண்டும். அதோடு அது பிரேக்குக்கானதாக இருக்க வேண்டும். கியர் அவுட்டரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதற்குள் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். பிரேக்கின் இழுவைக்கு அவை பக்கவாட்டில் வெடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிரேக் அவுட்டரின் வெட்டுமுகத்தில் ஸ்பிரிங்போலச் சுருண்ட ஒற்றைக் கம்பி தெரியும். உட்கம்பியின் தலையும் இரண்டு விதம். நேர் ஹேண்டில் லீவருக்கு உருளைத் தலை, வளைந்த ஹேண்டில் பந்தய சைக்கிளுக்குப் பேரிக்காய் வடிவத் தலை. பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் பிழைக்காது. புறக்கோட்டை டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் இரண்டும் கிடைக்கும்.

வெட்டும்போது அவுட்டரின் வாய் நசுங்கும், சுருள் கம்பியின் நுனி உள்ளே வளைந்து ஒரு கொக்கிபோல நிற்கும். அந்தக் கொக்கிதான் புதுக் கேபிளையும் இரண்டு மாதத்தில் அறுக்கிறது. அரத்தால் வாயை மட்டமாக ராவி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாயை ஒரு தையல் ஊசியால் குத்திச் சுற்றி வட்டமாக்குங்கள். பிறகு முனைக்கு உலோகத் தொப்பி போடுங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் கடைகளில் பெரும்பாலும் செய்யமாட்டார்கள்.

நீளம் எவ்வளவு? ஹேண்டிலை இடமும் வலமுமாக முட்டத் திருப்பினாலும் கேபிள் இழுபடக்கூடாது. அதற்குமேல் ஒரு அங்குலமும் வேண்டாம். ஹேண்டிலுக்கு முன்னால் பெரிய வளையமாகத் தொங்கும் கேபிள் பலத்தைத் தின்னும்.

தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் தையல் மெஷின் வரைக்கும் அதுதானே. கேபிளுக்குள் விட்டால் முதல் வாரம் அருமையாக ஓடும். பிறகு தூசோடு சேர்ந்து பிசினாகிவிடும். மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும்.

பூட்டியதும் லீவரைப் பத்துத் தரம் பலமாக இழுங்கள். தொப்பிகள் அதனதன் இடத்தில் அமர்ந்து கேபிள் கொஞ்சம் தளரும். நட்டைத் தளர்த்தித் திரும்ப இழுத்து இறுக்குங்கள். நுனிக்கு ஒரு அலுமினியத் தொப்பி நசுக்கிப் போடாவிட்டால் இழைகள் பிரிந்து விரலில் குத்தும்.

கல்லுப் போன்ற லீவர் நல்ல லீவரா?

கை பொய் சொல்லும் என்றேனே, அது இங்கேதான். லீவர் கல்லுப்போல இருந்தால் பிரேக் பலமாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல சமயம் அது நேர்மாறு.

வீ பிரேக்கின் கைகள் நீளமானவை, அவற்றை அசைக்கக் கேபிள் நிறைய இழுபட வேண்டும். அதற்கென்று செய்த லீவர், கலிப்பருக்கான லீவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கேபிளை இழுக்கும். இந்த வீ லீவரைக் கலிப்பரில் பூட்டினால் என்ன ஆகும்? கொஞ்சம் இழுத்ததுமே கட்டை ரிம்மைத் தொட்டு, லீவர் கல்லாகிவிடும். கைக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் நெம்புகோல் கணக்கு பாதியாகிவிட்டதால் ரிம்மை அமத்தும் பலமும் பாதிதான். மறுபக்கம், கலிப்பர் லீவரை வீ பிரேக்கில் பூட்டினால் லீவர் பஞ்சுபோல ஹேண்டில்வரை வந்து முட்டும். சக்கரத்தைப் பிடித்தால் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், கட்டை கொஞ்சம் தேய்ந்ததும் ஒன்றுமே பிடிக்காது. பல கை மாறி வந்த சைக்கிள்களில் இப்படிச் சோடி மாறிக் கிடப்பது சாதாரணம். ஹேண்டிலை மாற்றியவர் லீவரையும் கண்ணுக்கு அழகாக இருந்ததென்று மாற்றியிருப்பார். வாங்கும்போது "வீ பிரேக்குக்கா, கலிப்பருக்கா" என்று கேட்டு வாங்குங்கள்.

சோடி சரியாக இருந்தும் லீவர் பஞ்சாக இருந்தால், யாரையாவது பலமாக இழுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் குனிந்து பாருங்கள். பிளாஸ்டிக் லீவர் வளைகிறதா, மெல்லிய தகட்டுக் கலிப்பர் கைகள் விரிகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். அப்படியானால் இரண்டு அச்சில் இயங்கும் அலுமினியம் கலிப்பர் வாங்குவது நல்ல முதலீடு. வாங்க முன்பு, பிரேக் பூட்டும் ஆணித் துளையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். புதிய கலிப்பர்கள் பலவற்றின் இந்த எட்டம் 39 முதல் 49 அல்லது 47 முதல் 57 மில்லிமீற்றர். மட்காட் போட்ட பழைய சைக்கிள்களுக்கு அதைவிட நீளமானது தேவைப்படும்.

வீ பிரேக் கைகள் ஃபோர்க்கிலுள்ள குத்தியில் தளர்வாகச் சுழல வேண்டும். கொழும்பில் அவையும் துருப்பிடித்து இறுகிவிடும். கைகளைக் கழற்றி, குத்தியைச் சாண்ட் பேப்பரால் துடைத்து, கிரீஸ் மெல்லிசாகப் பூசிப் பூட்டுங்கள். கட்டைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறோம் என்பதால் மிஞ்சிய கிரீஸைக் கட்டாயம் துடைத்துவிட வேண்டும்.

இரும்பு ரிம் வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னதெல்லாம் செய்த பிறகு என் காய்ந்த ரோட்டுக் கணக்கு எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. தண்ணீர் ஊற்றியபோது பதினான்கு. பாஸ் சொன்னது அப்போதுதான் முழுசாக விளங்கியது.

குரோம் பூசிய இரும்பு கண்ணாடிபோல வழுவழுப்பானது. தண்ணீர் அதில் படலமாகத் தங்கும், ரப்பர் அந்தப் படலத்தின்மேல் சறுக்கும். அலுமினியத்திலும் மழையில் பிடிப்புக் குறையும்தான், ஆனால் சக்கரம் ஓரிரண்டு சுற்று சுற்றுவதற்குள் கட்டை தண்ணீரை வழித்துவிட்டுப் பிடிக்கத் தொடங்கும். இரும்பு ரிம்மா என்று தெரியாவிட்டால் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

ஆகவே மழையில் ஓடுபவருக்கு உண்மையான தீர்வு, குறைந்தது முன் ரிம்மையாவது அலுமினியத்துக்கு மாற்றுவது. இதற்குக் கடைக்குப் போக முன்பு இரண்டு எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, ஸ்போக் கம்பித் துளைகள். மலிவான மலை சைக்கிள்களில் 36 அதிகம், பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40. சக்கரத்தின் நடுவிலுள்ள பழைய ஹப்பையே வைத்துக்கொண்டு ரிம்மை மட்டும் மாற்றுவதானால் இது பொருந்தியே ஆக வேண்டும். மற்றது, டயரின் பக்கத்தில் சிறிதாக அச்சிட்ட மூன்று இலக்க எண். 26 அங்குலம் என்று சொல்லி வாங்கினால் ஏமாறலாம். 559உம் 26 அங்குலம்தான், 590உம் 26 அங்குலம்தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 28 அங்குலப் பெரிய சைக்கிளில் 635 என்றிருக்கும். அந்த அளவில் அலுமினியம் ரிம் கிடைப்பது கஷ்டம். 622 அளவு ரிம் போடலாம், ஆனால் ரிம் ஆறரை மில்லிமீற்றர் கீழே இறங்கிவிடும். கலிப்பரின் துளையில் கட்டையை அந்த அளவு இறக்க இடமிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

கம்பி பிரேக்காரர்களுக்கு இந்த வழியும் இல்லை. அந்தப் பிரேக் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிப்பது, சாதாரண அலுமினியம் ரிம்மில் அப்படி ஒரு முகமே கிடையாது. கம்பிகளின் மூட்டுகளிலுள்ள ஆட்டத்தை நட் இறுக்கி எடுத்து, கட்டை இரண்டும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடும்படி சரிசெய்து, மழை நாளில் மெதுவாக ஓடுங்கள். அந்தச் சைக்கிளின் அழகே மெதுவாக ஓடுவதில்தான் என்று என் மாமா சொல்வார். பிரேக் பிடிக்காதவர் வேறு என்ன சொல்வார்!

நான் முன் ரிம்மை மாற்றினேன். பாஸ் பழைய ஹப்பிலேயே கம்பி கோத்துத் தந்தார். ஈரத்தில் பதினான்காக இருந்தது ஏழானது.

டிஸ்க் பிரேக்குக்குச் சில வார்த்தைகள்

டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை என்று வருபவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் பட்டவை. செயினுக்கு ஸ்பிரே அடித்தவரின் கை கொஞ்சம் விலகியிருக்கும், அவ்வளவுதான். தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் சுத்தமாகும், ஆனால் எண்ணெய் குடித்த பேட் பெரும்பாலும் மீளாது, மாற்றுங்கள். தட்டை வெறும் விரலாலும் தொடாதீர்கள்.

புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போய், முழுசாக நிற்காமல் நடை வேகத்துக்குக் குறையும்வரை பிரேக் பிடித்து விடுங்கள். இருபது தரம். ஒவ்வொரு தரமும் பிடிப்புக் கூடுவது தெரியும். இதைச் செய்யாததால்தான் புதுப் பேட் சரியில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள்.

கேபிளால் இயங்கும் மலிவான டிஸ்க்கில் வெளிப் பேட் மட்டும்தான் அசையும், உட்பேட் நிலையானது. உட்பேட்டை அதன் திருகால் தட்டுக்கு மிக அருகில், உரசாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தள்ளி வைத்தால் வெளிப் பேட் தட்டையே வளைத்துக்கொண்டு போய்த்தான் பிடிக்க வேண்டியிருக்கும், பலமெல்லாம் அதில் போய்விடும். எண்ணெயால் இயங்கும் டிஸ்க்கில் லீவர் பஞ்சானால் உள்ளே காற்று. ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய், வேறு பலவற்றுக்கு டொட் (DOT) பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பிரேக்கின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போத்தலைத் திறக்காதீர்கள்.

ஓடும்போது

மோட்டார் சைக்கிளைப்போலவே நம் ஊரில் பெரும்பாலான சைக்கிள்களில் வலது கை முன் பிரேக். இரவல் வாங்கிய சைக்கிளில் ஏறியதும் எது எதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரமாக நிற்க வேண்டி வந்தால் முன் பிரேக்கை அடித்துப் பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல ஆரம்பத்தில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் பிழியுங்கள். அதே நேரம் இருக்கையில் பின்னுக்குச் சரிந்து, கைகளை நீட்டி ஹேண்டிலை ஊன்றிக்கொள்ளுங்கள். பின் சக்கரம் இலேசாகித் தூக்கப் பார்த்தால் முன் பிரேக்கைக் கொஞ்சம் விடுங்கள். வெண்கட்டிக் கோடு போட்ட ஒழுங்கையில் இதையும் பழகலாம்.

மழையில் சந்தியோ பஸ் தரிப்பிடமோ தூரத்தில் தெரியும்போதே பிரேக்கை இலேசாகத் தடவிக்கொண்டு வாருங்கள். ரிம்மிலுள்ள தண்ணீர் வழிந்துவிடும், நிஜமாக நிற்க வேண்டிய நேரத்தில் கட்டை காய்ந்த ரிம்மைப் பிடிக்கும். பாதசாரிக் கடவைக் கோடுகள், புறக்கோட்டைத் தெருக்களின் இரும்பு மூடிகள், ரயில் தண்டவாளம் இவற்றின்மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக் பிடிக்காமல், அவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். டயர் மொட்டையாகி நூல் தெரிந்தால் மேலே செய்த வேலை எல்லாம் ரோட்டில் வழுக்கிப் போகும்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் இடி மழை. அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை ரிம்மைத் துடைத்து, கட்டை ஆணிகளையும் கேபிள் நட்டையும் ஸ்பனரால் தொட்டுப் பாருங்கள். என் வீட்டு ஒழுங்கையில் அந்த வெண்கட்டிக் கோடு மழைக்கு அழியும், நானும் திரும்பப் போடுவேன். எதிர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது அதைக் கிரிக்கெட்டுக்குக் கிறீஸ் கோடாக வைத்திருக்கிறார்கள், எனவே சோதனை காலை ஆறரைக்கு முன்புதான்.